வாங்கிய நீர்மூழ்கி யாருடைய ஆயுதம்?

கடற்படைக்கு வேண்டிய நீர்மூழ்கிக் கப்பல்களை ஒரு நாடு வெளியிலிருந்து வாங்கலாமா, தானே கட்டிக்கொள்ள வேண்டுமா என்பது பெரும்பாலும் விலை, தரம், கெடு ஆகிய மூன்றுக்குள் வைத்தே பேசப்படுகிறது. அந்த மூன்றையும் தீர்த்த பிறகும் கணக்காளரால் தீர்க்க முடியாத ஒரு கேள்வி மிஞ்சும். போரில் ஒரு நாடு செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் அந்த நாடே பொறுப்பு என்று உலகம் கொள்கிறது. அப்படிக் கொள்வதானால், செயலுக்கான கருவி எந்த அளவுக்கு அதன் வசம் இருக்க வேண்டும்?

எல்லா ஆயுதங்களுக்கும் இக்கேள்வி ஒரே கனத்தில் பொருந்தாது. துப்பாக்கியை விலைக்கு வாங்கியவர் அதைச் சுடுவதற்கு விற்றவரின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நீர்மூழ்கியோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டியது. இடையில் அதைக் கரையேற்றிப் பிரித்து, மின்கலங்களை மாற்றி, சோனாரைப் புதுப்பித்து, உடற்பகுதியைச் சோதித்து மீண்டும் கடலில் விட ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதற்குள்ள ஒரே கவசம் மறைந்திருப்பது. அது எழுப்பும் ஓசை எப்படிப்பட்டது, எந்த ஆழம்வரை போகும், எத்தனை நாள் மேலே வராமல் தாங்கும் என்பவை வெளியே தெரிந்தால் கவசம் போயிற்று. கட்டியவருக்கு இவை தெரியாமல் இருக்க வழியில்லை. ஆகவே நீர்மூழ்கியை விற்பவர் வாங்குபவரின் இரகசியத்தில் நிரந்தரப் பங்காளியாகிவிடுகிறார். இந்தியாவுக்காகப் பிரெஞ்சு நிறுவனம் வடிவமைத்த ஸ்கார்ப்பீன் கப்பல்கள் பற்றிய 22,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணங்கள் கசிந்ததை 2016 ஆகஸ்டில் ஓர் ஆஸ்திரேலிய நாளிதழ் வெளியிட்டபோது, இந்தப் பங்காளித்தனத்தின் விலை என்ன என்பது டெல்லிக்குப் புரிந்தது.

ஒருவர் தாமாகச் செய்த செயல் எது என்பதை அரிஸ்டாட்டில் 'நிகோமாக்கிய அறவியல்' நூலின் மூன்றாம் பகுதியில் ஆராய்கிறார். செயலின் தொடக்கம் செய்பவரிடமே இருக்க வேண்டும், தாம் செய்வது இன்னதென்ற விவரமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் காணும் முடிவு. வலுக்கட்டாயத்தால் நடந்ததையும் அறியாமையால் நடந்ததையும் ஒருவருடைய சொந்தச் செயல் என்று முழுமையாகச் சொல்ல முடியாது. தனி மனிதரைப் பற்றிய இந்த அளவுகோலை ஒரு நாட்டின் ஆயுதத்தின் மீது வைத்துப் பார்த்தால், கேள்வி இரண்டாகப் பிரிகிறது. தேவைப்படும் நாளில் இன்னொருவர் "கூடாது" என்று சொல்லி அதை முடக்க முடியுமா? அது எப்படி இயங்குகிறது என்பது வாங்கியவருக்குத் தெரியுமா? கப்பல் எந்த ஊர்த் தளத்தில் கட்டப்பட்டது என்பது இந்த இரண்டுக்கும் பிறகுதான் வரும்.

முதல் கேள்விக்கு வரலாறு தரும் உதாரணங்களில் மிகக் கசப்பானது 1914ஆம் ஆண்டினுடையது. உஸ்மானியப் பேரரசு பிரிட்டனில் இரண்டு போர்க்கப்பல்களைக் கட்டச் சொல்லியிருந்தது. மக்களிடம் திரட்டிய நன்கொடையும் அந்த விலையில் சேர்ந்திருந்தது. கப்பல் தயாராகி, ஓட்டிச்செல்லத் துருக்கிய மாலுமிகளும் வந்து சேர்ந்த நேரத்தில் முதல் உலகப் போர் மூண்டது. கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் இரண்டையும் பறிமுதல் செய்து பிரிட்டிஷ் கடற்படையில் சேர்த்துவிட்டார். அவை நீர்மூழ்கிகள் அல்ல என்றாலும் நியாயம் ஒன்றுதான். விற்பவருக்கும் அதே பொருள் தேவைப்படும் நாள் வந்தால், விற்பனைப் பத்திரத்தின் பலம் அன்றைக்குத்தான் தெரியும்.

நூற்றாண்டு கழித்து ஆஸ்திரேலியா ஏறக்குறைய இதே இடத்தில் நிற்கிறது. 2016இல் அது 12 கப்பல்களுக்குப் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்தது. 2021 செப்டம்பரில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு அமெரிக்கா, பிரிட்டனுடன் ஆக்கஸ் கூட்டணியில் சேர்ந்தது. பிரான்ஸ் கான்பெராவிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. பிரெஞ்சு நிறுவனத்துக்கு 55.5 கோடி யூரோ இழப்பீடு தரப்பட்டது. 2023 மார்ச்சில் அறிவித்த திட்டப்படி, 2030களின் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வர்ஜினியா வகை அணுசக்தி நீர்மூழ்கிகளில் மூன்றை ஆஸ்திரேலியாவுக்கு விற்க வேண்டும். மொத்தத் திட்டத்துக்கு 26,800 கோடி முதல் 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. ஆனால் விற்பனையை அனுமதிக்கும் அமெரிக்கச் சட்டமே ஒரு நிபந்தனை வைக்கிறது: கப்பலைக் கொடுப்பதால் அமெரிக்காவின் சொந்தக் கடலடி வலிமை குறையாது என்று அன்றைய அதிபர் முன்கூட்டியே நாடாளுமன்றத்துக்குச் சான்றளிக்க வேண்டும். அந்த அதிபர் யார், அன்றைய உலகம் எப்படி இருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. இன்றைய அரசு ஒன்று, இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத அரசின் நல்லெண்ணத்தை விலை கொடுத்து வாங்கியிருக்கிறது.

விற்பவரும் இன்னொருவரைச் சார்ந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். தாய்லாந்து 2017இல் சீனாவிடம் நீர்மூழ்கி வாங்க ஒப்பந்தம் செய்தது. அதில் பொருத்த வேண்டிய டீசல் எந்திரமோ ஜெர்மனியுடையது. சீனாவுக்கு ஆயுதம் விற்க ஐரோப்பாவில் தடை இருப்பதால் ஜெர்மனி மறுத்துவிட, வேலை ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது. கடைசியில் தாய்லாந்து சீன எந்திரத்துக்கே சம்மதிக்க வேண்டியதாயிற்று. பாங்காக்குக்கும் பெர்லினுக்கும் இடையே பகை எதுவும் கிடையாது.

அடுத்தவர் படையை நம்பிப் போருக்குப் போகும் அரசன் தோற்றால் அழிவான், வென்றால் அந்தப் படைக்கே கைதியாவான் என்று மாக்கியவெல்லி 'இளவரசன்' நூலில் எச்சரித்தார். இதை அப்படியே எடுத்துக்கொண்டால் எந்த நாடும் எதையும் வாங்கக் கூடாது. திருக்குறள் அரசின் உறுப்புகளாக ஆறை எண்ணும்போது அரணோடு நட்பையும் சேர்த்தே எண்ணுகிறது. நட்பு நாட்டின் துணையைப் பெறுவது பலவீனத்தின் அடையாளமாக அங்கே கருதப்படவில்லை. இந்தப் பார்வையே நடைமுறைக்கு நெருக்கமானது. நட்பு ஓர் உறுப்பாக இருக்கட்டும், ஆனால் மற்ற ஐந்தின் வேலையையும் அதன் தலையில் கட்டினால் உடல் நிற்காது.

இரண்டாவது கேள்வியான அறிவைப் பற்றி இந்தியாவின் அனுபவம் நிறையச் சொல்லும். முதலில் பிரிட்டனை நாடிப் பயனில்லாமல் சோவியத் ஒன்றியத்திடம் போன இந்தியா, 1967 டிசம்பர் 8 அன்று ரீகா துறைமுகத்தில் தன் முதல் நீர்மூழ்கியான ஐ.என்.எஸ். கல்வரியைப் பெற்றது. இன்றும் அந்த நாளே கடற்படையின் நீர்மூழ்கி தினம். 1981இல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு கப்பல்கள் கீல் நகரில் கட்டப்பட, அடுத்த இரண்டும் மும்பை மசகான் தளத்தில் இந்தியத் தொழிலாளர்கள் கையால் உருவாயின. அவை 1992இலும் 1994இலும் படையில் சேர்ந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஒப்பந்தத்தில் தரகு கைமாறியதாக 1987இல் புகார் கிளம்பியது. அதே வகையில் மேலும் கப்பல்கள் கட்டும் எண்ணம் கைவிடப்பட்டது. அடுத்த ஒப்பந்தமான ஸ்கார்ப்பீன் 2005 அக்டோபரில்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட ஆண்டுகளில், அழுத்தம் தாங்கும் உடற்பகுதியைப் பற்றவைக்கப் பயின்ற வெல்டர்களும் பொறியாளர்களும் வேறு வேலைகளுக்குக் கலைந்து போனார்கள். ஊழலைத் தடுக்க எடுத்த முடிவு நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் குற்றம் செய்தவரைத் தண்டிப்பதற்குப் பதில் கைத்திறனையே தண்டித்த முடிவு அது. தொழில்நுட்பத்தைக் காகிதத்தில் வாங்கி அலமாரியில் பூட்டி வைக்க முடியாது. கை வேலை செய்துகொண்டே இருந்தால்தான் அந்த அறிவு நாட்டினுடையதாக இருக்கும். முதல் ஸ்கார்ப்பீன் 2017 டிசம்பரில் படைக்கு வந்தபோது, முன்பு கற்றதைப் பெரும்பாலும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

சொந்த மண்ணில் கட்டினால் மட்டும் அறிவு சொந்தமாகிவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆறு காலின்ஸ் வகைக் கப்பல்கள் அடிலெய்டில் கட்டப்பட்டவை. வடிவமைப்பு சுவீடனின் காக்கும்ஸ் நிறுவனத்துடையது. ஓசை அதிகம் என்ற குறையைத் தீர்க்க உந்துவிசிறியை அமெரிக்காவில் ஆராய ஏற்பாடு செய்தபோது, அறிவுசார் உரிமை குறித்து அந்த நிறுவனத்தோடு தகராறு மூண்டது. 2004இல்தான் சமரசம் ஆயிற்று. சொந்தக் கப்பலின் விசிறியை நண்பரிடம் காட்டவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஆக்கஸில் இது இன்னும் இறுகுகிறது. அணு உலைகள் முழுமையாக மூடி முத்திரையிட்டே வரும், கப்பலின் ஆயுள் முழுவதும் எரிபொருள் மாற்ற வேண்டியதில்லை. அணு ஆயுதப் பரவலைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. அறிவு என்ற அளவுகோலில் வைத்தால், கப்பலின் இதயம் அதன் சொந்தக்காரருக்கே திறக்கப்படாது.

விற்பவரின் பொறுப்பைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1971 போரில் விசாகப்பட்டினத்தை ஒட்டி மூழ்கிய பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி, அமெரிக்காவிடம் குத்தகைக்கு வாங்கியது. கம்யூனிச நாடுகளுக்கு எதிரான கூட்டணியின் பெயரில் கொடுக்கப்பட்ட அது வங்கக் கடலில் இந்தியாவைத் தேடி வந்தது. அதே போரில் இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்து 190க்கும் மேற்பட்டோர் இறக்கக் காரணமான பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர், பிரான்ஸில் கட்டப்பட்டது. விற்பவர் எந்த நோக்கத்தோடு கொடுத்தாலும் ஆயுதம் வாங்கியவர் நோக்கத்துக்கே போகும். இது தெரிந்தே விற்பவர் பிறகு கையைக் கழுவ முடியாது.

அணு ஆயுதம் சுமக்கும் நீர்மூழ்கியில் இந்த வாதங்கள் எல்லாம் உச்சத்துக்குப் போகின்றன. பிரிட்டன் தன் கப்பல்களையும் குண்டுகளையும் தானே செய்கிறது. ஆனால் அவற்றை ஏந்திச் செல்லும் டிரைடண்ட் ஏவுகணைகள், 1963ஆம் ஆண்டு போலாரிஸ் ஒப்பந்தத்தின் வழியில், அமெரிக்காவிடம் வாங்கியவை. ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே தளத்தில் உள்ள பொதுத் தொகுப்பிலிருந்து எடுக்கப்படுபவை. ஒவ்வொரு புதிய பிரதமரும் பதவியேற்றதும், நாடே அழிந்துபோனால் என்ன செய்வது என்று நான்கு கப்பல் தலைவர்களுக்கும் தம் கையால் கடிதம் எழுதுகிறார். முடிவு முழுக்க அவருடையது. அந்த முடிவை நிறைவேற்றும் கருவி தொடர்ந்து பழுதில்லாமல் இருப்பது இன்னொரு நாட்டின் சம்மதத்தைப் பொறுத்தது. உடனடி முடிவில் சுதந்திரம், நீண்ட காலத்தில் சார்பு என்று இதைப் பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. அது சரியான விவரிப்புதான், ஆனால் ஆறுதலான விவரிப்பு இல்லை.

இந்தியாவின் வாக்குறுதி வேறு வகைப்பட்டது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்பது அது 2003 ஜனவரியில் அறிவித்த கொள்கை. முதல் அடியைத் தாங்கிக்கொள்ளவும் தயார் என்று சொல்லும் நாட்டுக்கு, அந்த அடிக்குப் பிறகும் பிழைத்திருக்கும் பதிலடி வேண்டும். கடலுக்கடியில் மறைந்திருக்கும் கப்பலே அதைத் தரும். அந்தக் கப்பல் கடனாக வந்ததாக இருந்தால் வாக்குறுதியும் கடன் வாக்குறுதிதான். சோவியத் ஒன்றியத்திடமிருந்து 1988 முதல் 1991 வரை குத்தகைக்கு எடுத்த சக்ரா, கற்றுக்கொள்ளும் பள்ளியாகப் பயன்பட்டதே தவிர பதிலடிக் கருவியாக அல்ல. அந்த இடத்தை நிரப்பிய அரிஹந்த் 2009 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது. அதன் உலைக்கான முன்மாதிரி கல்பாக்கத்தில் உருவாகி இயங்கியது. கடலடியில் இருக்கும் கப்பல்களுக்குச் செய்தி போவது திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்திலிருந்து. ரஷ்ய உதவி அரிஹந்தில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. உதவி பெற்றுக் கற்றுக்கொண்டதால்தான் அது வாங்கிய பொருளிலிருந்து வேறுபடுகிறது.

உள்நாட்டில் கட்டுவது பெரும்பாலும் கூடுதல் செலவும் கூடுதல் காலமும் பிடிக்கும். அந்தக் கூடுதல் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்கக்கூடியது. சுதந்திரத்துக்கான விலை என்று நேர்மையாகச் சொல்லிக் கேட்டால் குடிமக்கள் அதை எடைபோட முடியும். வேலைவாய்ப்புத் திட்டம் என்று வேடமிட்டுக் கேட்டால் முடியாது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டின் வாக்குகளும் நாட்டின் பாதுகாப்பும் ஒரே பேச்சில் கலந்தது இந்த வகைக் குழப்பமே.

இதற்கெல்லாம் அடியில் இன்னும் ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, ஒரு பண்டத்தை வாங்குபவர் அதன் பின்னால் இருக்கும் வன்முறைக்கும் பங்காளி என்று கருதினார். அவர் வழியில் யோசித்தால் ஆயுதத்தில் சுதேசி, விதேசி என்ற பேச்சே பொருளற்றது. உள்ளூரில் செய்ததால் டார்பிடோ அறமாகிவிடாது. இந்த மறுப்பை முழுமையாக ஏற்பவருக்கு நீர்மூழ்கியே வேண்டாம், எங்கிருந்து என்ற கேள்வி எழாது. ஏற்காதவருக்குக் கடமை கூடுகிறது: கொல்லும் கருவியை வைத்திருப்பது என்று தீர்மானித்த பிறகு, அதைப் பயன்படுத்தும் முடிவும் பயன்படுத்தாமல் அடக்கும் முடிவும் தன்னுடையதாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். டீசலில் ஓடும் நீர்மூழ்கியை, வடிவமைப்பு அறிவும் பழுதுபார்க்கும் உரிமையும் சேர்ந்து வந்தால், வெளியில் வாங்குவதில் தவறில்லை. அணு ஆயுதம் சுமப்பதை வாங்கக் கூடாது. எந்த ஒப்பந்தத்திலும் கப்பலின் ஆழமும் ஓசையும் இரகசியமாக இருக்கட்டும். ஆனால் பழுதுபார்க்கும் உரிமை யாருக்கு, பயன்படுத்த யாருடைய சம்மதம் வேண்டும் என்ற ஷரத்துகளை நாடாளுமன்றத்தில் வைக்குமாறு குடிமக்கள் கேட்க வேண்டும்.