தூரிகை யார் கையில்?

ஒருவரை 'ஏற்றுக்கொள்கின்றோம்' என்று கூறும்பொழுது, நம்மை அறியாமலே நாம் ஓர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்துவிடுகின்றோம். ஏற்பவர் வீட்டுக்குரியவர், ஏற்கப்படுபவர் வாயிலில் நிற்பவர். இவ்வாசனம் நமக்கு எவ்வாறு உரியதாயிற்று என்ற வினாவை, 1992ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்த 11 நிமிடப் படமொன்று நம்முள் எழுப்புகின்றது.

ரிம் வெப் என்பார் 'சனல் 4' தொலைக்காட்சிக்காக இயக்கிய 'ஏ இஸ் ஃபோர் ஓட்டிசம்' என்பதே அப்படம். கமெரா பிடித்த உயிருள்ள காட்சிகளும் கையால் வரைந்து அசையவிட்ட சித்திரங்களும் அதில் விரவி வருகின்றன. இவ்வகைக் கலப்பு திரையுலகுக்குப் புதிதன்று. புதியது வேறொன்று: படத்தில் ஒலிக்கும் குரல்கள் ஓட்டிசம் உடையோருடையவை, ஓவியங்களும் அவர்களுடையவையே.

இதன் பெறுமதியை உணரச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கன்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய நாள்தொட்டு, இவர்களைக் குறித்துப் பெரும்பாலும் பிறரே பேசிவந்தனர். தாயின் அன்பின்மையே காரணம் என்றுகூட அறிஞர் சிலர் சாதித்தனர். 1967இல் புறூனோ பெற்றல்ஹைம் அதற்கென ஒரு நூலே எழுதினார். அப்பழி பொய்யென்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் அதற்குள் எத்தனை தாய்மார் தம்மைத் தாமே வெறுத்திருப்பர்! ஒருவருக்காகப் பிறர் பேசுவதில் உள்ள ஆபத்து இதுதான். பேசுபவர் நல்லெண்ணமுடையவராயினும் ஆபத்து குறைவதில்லை.

தமிழ்நாட்டார் இதனை 'மதியிறுக்கம்' என்றும் வழங்குவர். இறுகியது எவர் மதி என்பதை, இப்படத்தைக் கண்டபின் நாம் சற்றுத் தயங்கியே கூறவேண்டியிருக்கின்றது.

நமக்குச் சாதாரணமான ஓசை ஒருவருக்குத் தாங்கொணா வேதனையாகலாம். நமக்குச் சலிப்பூட்டும் புகையிரதம் ஒருவருக்கு ஓயாத இன்பமாகலாம். உள்ளிருந்து சொல்லப்படுகையில் இவை நோயின் குறிகளாக அன்றி ஒரு வாழ்வின் செய்திகளாக நம்மை வந்தடைகின்றன. தொழில் தேர்ந்த ஓவியர் எவரும் பிள்ளையின் நடுங்கும் கோட்டைத் திருத்தி அழகுபடுத்தவே விழைவர். திருத்தியிருந்தால் படம் கண்ணுக்கு இனிமையாக இருந்திருக்கும், பிள்ளை மறைந்துபோயிருக்கும். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் அன்பின் பெயரால் நாள்தோறும் நிகழ்வது இத்திருத்தமன்றோ?

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. எதனைச் சேர்ப்பது, எதனை வெட்டுவது என்ற முடிவு இயக்குநரிடமே இருந்தது. அன்றியும், இதில் இடம்பெற்றோர் பேசவும் வரையவும் வல்லவர்கள். பேச்சும் வராது, எழுதுகோலும் பிடிக்கவியலாது வளரும் பிள்ளைகள் பலர் உளர். அவர்களுக்காகத் தாயோ தந்தையோ பேசியே ஆகவேண்டும், பேசாதிருத்தல் கைவிடுதலாகும். நாம் மேலே ஆபத்து என்று கூறிய அதே செயல் இங்கே கடமையாகிவிடுகின்றது. இம்முரணை அப்படம் தீர்க்கவில்லை. நம்மாலும் தீர்க்க இயலவில்லை.