மணலுக்கு உறுதி எழுதலாமா?



விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய், பாய் விரித்துச் சோற்றுப் பார்சலை அவிழ்த்து, பொழுது சாயத் திரும்பியிராத குடும்பம் நம்மிடையே அரிது. அந்த மணலில் ஓர் அடிகூட நமக்குச் சொந்தமில்லை. அதனால் நம் மகிழ்ச்சி குறைந்ததுமில்லை. எனினும், இங்கே ஒரு துண்டுக் காணி வாங்கி வேலியடைத்து வீடு கட்டினால் என்ன என்ற ஆசை யாருக்குத்தான் ஒரு தடவையாவது எழவில்லை? ஒரு நாள் வந்து போகிறவன், உறுதி முடித்து வைத்திருப்பவன் ஆகிய இருவருள் கடற்கரையோடு நியாயமான உறவுடையவன் யார்? இக்கேள்வியை ஒரு வழக்கைப் போலவே நடத்திப் பார்த்த இடம் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உண்டு.

அதன் பெயர் அசற்றீக். மேரிலாண்ட், வேர்ஜீனியா என்னும் இரு மாநிலங்களின் ஓரமாக 37 மைல் நீளத்துக்குக் கிடக்கும் ஒடுங்கிய மணல் தீவு. ஒரு பக்கம் அத்திலாந்திக் சமுத்திரம். மறு பக்கம் அமைதியான களப்பு. கற்பிட்டிப் பக்கத்து வாசகர்களுக்கு இத்தகைய நிலத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. பெரும் புயல் வீசும்போது அலைகள் கடற்பக்கத்து மணலை வாரி, தீவின் மேலாகக் கொண்டு சென்று களப்புப் பக்கத்தில் கொட்டுகின்றன. முன்புறம் தேயத் தேயப் பின்புறம் வளர்கிறது. இவ்வாறு தீவு முழுவதும் பெருநிலத்தை நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. நகர்வதே அது பிழைத்திருக்கும் வழி.

இந்த நகரும் மணலைத்தான் 1950களில் காணி வியாபாரிகள் அளந்து விற்றார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள்! ‘பால்ற்றிமோர் பூல்வார்ட்’ என்று மாநகரின் பெயரைச் சூட்டித் தார் றோட்டும் போட்டார்கள். வாங்கியவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. சிலர் இலாபத்தை எண்ணியிருப்பர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் முதுமைக்கு ஒரு வீடு என்று கனவு கண்டவர்களும் இருந்திருப்பர்.

1962 மார்ச் மாதத்தில் ஒரு புயல் அக்கரையோரத்தைப் பற்றிக்கொண்டது. ஐந்து தடவை கடல் வற்றிப் பெருகும் வரை அது விட்டுப் போகவில்லை. மார்ச் 7ஆந் திகதி விபூதிப் புதன். ஆகையால் அமெரிக்கர் அதனை இன்றும் விபூதிப் புதன் புயல் என்றே அழைக்கின்றனர். தீவில் எழும்பியிருந்த வீடுகளில் பெரும்பாலானவை போயின. றோட்டும் உடைந்து மணலுள் புதைந்தது. மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றிய உவமையை இவ்விடத்தில் எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்வது மிகச் சுலபம். நான் அதனைச் செய்யப்போவதில்லை. வாங்கியவனின் மடமையைச் சொல்லிவிட்டால், நகரும் நிலத்தை நிலையான நிலமென்று அளந்து காசாக்கியவனின் பொறுப்பு மறைந்துவிடும்.

1965 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்ட சட்டத்தினால் அசற்றீக் தேசியக் கடற்கரையாயிற்று. அரசு காணிகளை விலைகொடுத்து வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், புயல் கற்பித்த நான்கு ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட அச்சட்டத்திலேயே மறுபடி றோட்டும் தங்குமிட வசதிகளும் அமைக்க இடம் வைத்திருந்தார்கள். 1976இல்தான் அதைத் திருத்தினார்கள். மனித மனம் மணலைவிட மெதுவாகவே நகர்கிறது போலும்.

அப்படியானால் வந்து போகிறவன் வென்றான், உறுதிக்காரன் தோற்றான் என்று தீர்ப்பிடலாமா? சற்றுப் பொறுங்கள். அத்தீவின் தென்கோடியில் முன்னொரு காலத்தில் மீனவர் கிராமம் ஒன்று இருந்தது. அயலிலே பெருங் காணி வாங்கிய ஒருவர், அவர்கள் தொழிலுக்குப் போய்வந்த வழியை வேலியிட்டு மறித்தார். 1920களில் அம்மக்கள் தங்கள் வீடுகளையே பெயர்த்துத் தட்டைத் தோணிகளில் ஏற்றி, களப்பைக் கடந்து, அக்கரையிலுள்ள ஷிங்கற்றீக் தீவுக்குப் போனார்கள். ஊரைவிட்டுப் பெயர்வது என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலிக்காரரிடம் உறுதி இருந்தது. ஆனால் உடைமையைத் தனதென்று வைத்திருக்க மனிதனுக்கு உரிமை உண்டாயினும், அதன் பயனைப் பொதுவென்று கருதித் தேவையுள்ளவனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கற்பித்தார். எந்த நொத்தாரிசும் இதை உறுதியில் எழுதுவதில்லை.

இன்னொரு சங்கதி இதைவிடச் சிக்கலானது. 1933 ஆகஸ்ட்டில் அடித்த சூறாவளி, ஓஷன் சிற்றி என்னும் உல்லாச நகரின் தெற்கே நிலத்தைப் பிளந்து புதிய முகத்துவாரம் ஒன்றை உண்டாக்கியது. படகுகளுக்கு அது வசதியாயிருந்ததால், மறுபடி தூர்ந்து போகாதபடி இரு பக்கமும் கல்லணை கட்டினார்கள். அங்கே மணல் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வழக்கம். கல்லணை அதை மறித்தது. நகரின் பக்கம் கடற்கரை அகன்றது. மணல் கிடையாத அசற்றீக்கின் வடமுனையோ தன் அகலத்துக்கும் அதிகமாகப் பின்வாங்கியது. கல்லை அடுக்கியவர்கள் அயலானின் காணிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஒரு பிடி மண்ணையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. ஆயினும் அயலானின் நிலம் போயிற்று. இதைக் களவு என்பதா? பாவசங்கீர்த்தனத்தில் எவரும் சொல்லாத பாவங்களில் இதுவும் ஒன்று என்றே நான் எண்ணுகிறேன். நமக்குரியதைக் காக்கும்போது கீழ்க்கரையில் இருப்பவனுக்கு என்ன நேர்கிறதென்று திரும்பிப் பாராத பாவம். 2004 தொடக்கம் இராணுவப் பொறியியலாளரின் கப்பல் ஆண்டுக்கு இரு தடவை அம்முகத்துவாரத்து மணலை அள்ளி, வடமுனையின் கரையோரத்தில் கொண்டுபோய்க் கொட்டிவருகிறது. கல்லணை நிற்கும் வரை அதனை நிறுத்த முடியாது.

வந்து போகிறவர்களும் நிரபராதிகள் அல்லர். அத்தீவில் காட்டுக் குதிரைகள் உண்டு. அவற்றுக்குத் தீன் கொடுக்கக்கூடாது என்று எழுதி வைத்தும் கொடுக்கிறார்கள். கையிலிருந்து உண்டு பழகிய குதிரை வாகனங்களைத் தேடித் தெருவுக்கு வருகிறது, அடிபட்டுச் சாகிறது. கொடுத்தவர் இரக்கமுள்ளவராகவே வீடு திரும்பியிருப்பார்.

வாகனத் தரிப்பிடத்தின் கதையும் உண்டு. கடலருகிலேயே காரை விடவேண்டும் என்பது எல்லோரின் விருப்பம். புயல் தோறும் தரிப்பிடம் மணலால் மூடப்படும், மறுபடி அமைப்பார்கள். இப்போது தார் போடுவதை விட்டு, நொறுக்கிய சிப்பி ஓட்டைப் பரப்புகிறார்கள். கழிப்பறைகளையும் குளிப்பறைகளையும் புயலுக்கு முன் அப்புறப்படுத்தத் தக்கதாக வைக்கிறார்கள். தன்னுடைய இருப்பும் தற்காலிகமானது என்று ஒப்புக்கொண்ட விருந்தாளியின் நடத்தை இது. ஆனால் வேர்ஜீனியாப் பக்கத்தில் கடல் குளிக்கும் இடத்தையே ஏறக்குறைய ஒன்றரை மைல் வடக்கே மாற்றலாம் என்று அதிகாரிகள் திட்டமிட்டபோது, அயலூர் மக்கள் கலங்கினார்கள். வருகிறவர்கள் குறைந்தால் விடுதியும் கடையும் வைத்துப் பிழைப்பவர்கள் என்ன செய்வது? அந்த அயலூர்தான் ஷிங்கற்றீக்; வழி மறிக்கப்பட்டவர்கள் அன்று தோணியில் வீடேற்றி வந்து குடியேறிய ஊர்.