காசு கட்டினால் பாவம் போகுமா?

தப்பு செஞ்சிட்டு உண்டியல்ல காசு போட்டா சரியாப் போச்சா? திருந்தாதவன் செய்யும் பரிகாரம் வீண்தானே, இளைஞர்களே!

ஆற்றுக்கும் இதே கேள்விதான். 1978-இல் நம் நாட்டுச் செம்பனை ஆலைகளின் கழிவுக்குக் கட்டணம் வந்தது. கழிவு ஆற்றில் எவ்வளவு உயிர்வாயுவை உறிஞ்சும் என்று கணக்கிட்டு, டன்னுக்கு 10 ரிங்கிட். வரம்பு மீறினால் 100. அடுத்த ஆண்டே அந்த வரம்பு கட்டாயமானது. அதாவது, காசு கட்டிட்டுத் தப்பைத் தொடர வழியில்லை. அதுதான் உண்மையான பரிகாரம்.

ஆனா ஆலைக்குக் குழாய் இருக்கு, அளக்கலாம். இறால் குளத்துக்கும் மடை இருக்கு. புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டினா வருகிற செபராங் பிறை நெல் வயல்களுக்கு? பயிர் எடுத்தது போக மிஞ்சின உரத்தின் நைட்ரஜன் மழையோடு வாய்க்காலுக்குப் போகுது. பாசி பெருகி அழுகுது. மீனுக்கு மூச்சு முட்டுது. எந்த வயலிலிருந்து எவ்வளவு வந்தது? சொல்வது கஷ்டம்.

அளக்க முடியாத இடத்தில்தான் தர்மம் வேண்டும். ஆனா அதை விவசாயி தலையில் மட்டும் கட்டலாமா? மலிவு அரிசி கேட்பது நாம்தானே. உர மானியத்தில் ஒரு பங்கை, அளவா உரம் போடுபவருக்குக் கொடுக்கலாம். அதனால அரிசி பத்து காசு ஏறினா, முணுமுணுக்காம வாங்க நாம தயாரா?