குடிபெயர்ந்த தெய்வம் யாருக்குக் காவல்?

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது எம் முன்னோர் கொள்கை. யப்பானியரும் அவ்வாறே எண்ணினர் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாரா பகுதியிலுள்ள தொத்சுகவா என்னும் மலைக்கிராமத்தைப் பெருமழையும் மண்சரிவும் அழித்தன. 168 பேர் மாண்டனர். வீடும் வயலும் இழந்த 600 குடும்பங்களைச் சேர்ந்த 2,489 பேர், வடக்கே பனி மூடிய ஹொக்கைடோ தீவுக்குப் புறப்பட்டனர். முதற் குளிர்காலத்தைப் பிறர் வீடுகளில் ஒண்டியிருந்து கழித்து, 1890இல் இஷிகாரி ஆற்றைக் கடந்து காடு வெட்டினர். புதிய ஊருக்குச் சின்தொத்சுகவா, அதாவது புதிய தொத்சுகவா, என்றே பெயரிட்டனர். தாயூரின் தமாகி ஆலயத் தெய்வத்தையும் அங்கு எழுந்தருளச் செய்தனர். ஷின்டோ நெறியில் இதனால் மூல ஆலயம் வெறுமையாவதில்லை. ஒரு தீபத்தில் மறு தீபம் ஏற்றினால் முதல் தீபம் குறைந்துவிடுமா?

ஆயினும் அந்தக் காடு ஆளில்லாக் காடன்று. ஹொக்கைடோ அயினு மக்களின் பூமி. சப்போரோ என்ற நகரப் பெயரே அவர்கள் மொழியில் வந்தது. 1869இல் அரசு அத்தீவில் குடியேற்றத் திணைக்களத்தை நிறுவியபோது மூன்று தெய்வங்களையும் காவலுக்கு வைத்தது. அவற்றுள் ஒன்று அந்நிலத்தின் ஆவியே. நிலத்தின் ஆவிக்குப் படையலிட்டவர்கள் நிலத்தின் மக்களை எப்படி மறந்தார்கள்? அயினு மக்களின் மான்வேட்டையும் சல்மன் மீன்பிடியும் தடைசெய்யப்பட்டன. அவர்களைக் கமக்காரராக்கவென 1899இல் இயற்றிய சட்டத்துக்குப் "பாதுகாப்பு" என்றே பெயர். அது 1997 வரை நீக்கப்படவில்லை.

வெள்ளத்துக்குத் தப்பி வந்த ஏழை உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. காணி அளந்து கொடுத்தது அரசு. ஆனால் அயலில் நிற்கும் அயினு மனிதனிடம் "இது எங்கள் தெய்வம்" என்பதா, "இது நம் தெய்வம்" என்பதா? தமிழில் இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. முதலாவது வேலி. இரண்டாவதும் எளிதன்று, அந்த மனிதனுக்கும் ஆற்றிலும் நெருப்பிலும் கரடியிலும் உறைகின்ற சொந்தத் தெய்வங்கள் இருந்தன. அவற்றையும் கும்பிடச் சம்மதமா என்று அவன் திருப்பிக் கேட்கலாம்.

பருவத்தில் முதலில் ஏறிவரும் சல்மனை வரவேற்று அயினு மக்கள் செய்த சடங்கு நெடுங்காலம் நின்றுபோயிருந்தது. 1982இல் சப்போரோவின் தொயோஹிரா ஆற்றங்கரையில் அதை மீண்டும் தொடங்கினர். அவர்களை ஆதிக்குடிகள் என்று சொல்லும் சட்டம் வர 2019 ஆயிற்று.