கலப்பவர் அறிவார்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும்போது நம் இல்லங்களில் குடில் எழும்புகிறது. வாசலில் விண்மீன் தொங்குகிறது. முறுக்கும் அதிரசமும் எண்ணெயில் பொரிகின்றன. இவற்றோடு, சில இல்லங்களில் மேசை நடுவே பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றும் இடம்பெறுகிறது. சிவந்த ஒயினில் ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் கலந்து, நறுக்கிய ஆப்பிளும் அன்னாசியும் மாதுளை முத்துகளும் மிதக்க, பட்டையும் கிராம்பும் மணக்க, வருவோர்க்கெல்லாம் அகப்பையால் மொண்டு ஊற்றப்படும் அந்தப் பானத்தைப் 'பஞ்ச்' என்கிறோம். பார்க்க அழகானது. பகிர்தலின் அடையாளமாகவும் அதைக் கொள்ளலாம். ஒரே கிண்ணத்திலிருந்து எல்லாருக்கும் கிடைக்கிறதன்றோ?

கிறிஸ்தவர் மது அருந்தலாமா என்னும் வினா மிகப் பழையது. அதற்கு விடை சொன்னோரும் பலர். இங்கே நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. அருந்துபவரை விட்டு, ஊற்றுபவரிடம் அதைக் கேட்க விரும்புகிறோம். கிண்ணத்தைக் கலந்து, அகப்பையைக் கையில் ஏந்தி நிற்பவர், குவளையை நீட்டும் விருந்தினருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்?

இந்தப் பானம் மேலைநாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. 1632-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஒருவர், சோழமண்டலக் கடற்கரைப் பண்டகசாலையில் இருந்த வணிகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே இப்பெயர் முதன்முதல் காணக்கிடைக்கிறது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், நறுமணப் பொருள் என ஐந்தும் கூடியதால், ஐந்தைக் குறிக்கும் 'பஞ்ச' என்னும் சொல்லே இதன் வேர் என்பது பலரும் தரும் விளக்கம். நம் கரையில் கப்பலேறி, ஐரோப்பிய மாளிகைகளைச் சுற்றி, பண்டிகைப் பெருமையோடு நம்மிடமே திரும்பி வந்த விருந்தாளி இது.

நம் இல்லங்களில் இதற்கு அடிப்படையாக அமைவது பெரும்பாலும் வீட்டு ஒயின். ஒரு கிலோ கறுப்புத் திராட்சைக்கு ஏறத்தாழ அதே எடை சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, சிறிதளவு ஈஸ்ட், பட்டை, கிராம்பு. பீங்கான் பரணியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டுவது வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இதற்கு ஏற்றது என்பர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுவதும் இங்கே நினைக்கத்தக்கது. ஆனால் ஒன்றை மறைப்பதற்கில்லை. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மதுவகை தயாரிப்பதைத் தடை செய்கிறது; "வீட்டுக்குத்தானே, பண்டிகைக்குத்தானே" என்பது அதற்கு விடையாகாது. பாட்டியின் பரணி என்பதால் அது சட்டத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. கடையில் வாங்கிய ஒயினைக் கொண்டு கலப்பவருக்கு இச்சிக்கல் இல்லை. ஆயினும் நம் முதல் வினா அவரையும் விடுவதில்லை.

திருவிவிலியம் திராட்சை இரசத்தைப் பற்றி இரு குரலில் பேசுவதை நாம் அறிவோம். மனித உள்ளத்தை மகிழ்விக்க இறைவன் தந்த கொடையென 104-ஆம் திருப்பாடல் அதைப் போற்றுகிறது. பாம்புபோல் கடிக்கும் என நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. சீராக்கின் ஞானம் 31-ஆம் அதிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கானாவூர் திருமணத்திலோ, இரண்டு மூன்று குடம் கொள்ளும் ஆறு கல்தொட்டிகள் நிரம்பியதை யோவான் குறிக்கிறார். அந்த நிகழ்ச்சியில் நாம் எளிதில் கடந்துபோகும் சிறு குறிப்பு ஒன்று உண்டு. அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்பது பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. தண்ணீரை மொண்டு வந்த பணியாளருக்கோ தெரிந்திருந்தது என்கிறார் நற்செய்தியாளர். அவர் அதைச் சொன்ன நோக்கம் அருஞ்செயலுக்குச் சான்று காட்டுவது. நம் மேசைக்கும் அது பொருந்துகிறது. சுவைப்பவர் அறியாததை மொண்டு தருபவர் அறிவார்.

புனித தோமா அக்குவினாஸ் இதனைத் தெளிவாக ஆராய்ந்திருக்கிறார். எந்த உணவும் பானமும் தன்னளவில் தீயதன்று என்பது அவர் முடிவு. ஆயினும், அருந்துபவரின் நிலையாலோ, அருந்தும் அளவாலோ, அதைக் கண்டு இடறுவோர் பொருட்டோ அது தகாததாகலாம் என்கிறார். பிறகு அழைப்பவரைப் பற்றியும் பேசுகிறார். பானத்தின் வீரியம் அறியாமல் அருந்தி மயங்கியவர் குற்றத்தினின்று விலக்கப்படுவதுபோல, இவர் இப்பானத்தால் மயங்கக்கூடியவர் என்பதை அறியாமல் ஊற்றியவரும் விலக்கப்படுகிறார். அறிந்திருந்தால் இருவருக்கும் விலக்கில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாரம் அருந்துபவர் தலையில் மட்டும் ஏற்றப்படாமல் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது.

இந்த அளவுகோலைக் கிண்ணத்தருகே கொண்டுவந்து பார்ப்போம். மற்ற மதுவகைகளைவிடப் பஞ்ச் ஒரு வகையில் வேறுபட்டது: தன்னை மறைத்துக்கொள்வதே அதன் இயல்பு. விஸ்கி தன் மணத்தாலேயே தன்னை அறிவித்துவிடும். பஞ்சில் இனிப்பும் புளிப்பும் குளிர்ச்சியும் கூடி மதுவின் காரத்தை மூடிவிடுகின்றன. சிறு கணக்கு ஒன்று போடலாம். 12 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லி ஒயினில் 90 மில்லி ஆல்கஹால் உண்டு. அதே அளவு பழச்சாறு சேர்த்தால் வீரியம் 6 விழுக்காடாகக் குறைகிறது. "தண்ணீர் மாதிரிதான்" என்கிறோம். ஆனால் அதில் 200 மில்லி கொண்ட ஒரு குவளை, நூறு மில்லி ஒயினுக்குச் சமம். தாகத்துக்குக் குடிப்பதுபோல் மூன்று குவளை குடித்தவர் 300 மில்லி ஒயின் அருந்தியவராகிறார். அவருக்கே அது தெரியாது. 'மணத்துக்காக' என்று யாரேனும் 42.8 விழுக்காடுள்ள ரம் 180 மில்லி சேர்த்துவிட்டால் இன்னும் 77 மில்லி ஆல்கஹால் கூடுகிறது. கிண்ணத்தில் இருந்தது ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. நிறம் மாறாது, இனிப்பும் மாறாது. வீட்டு ஒயினில் நிலைமை இன்னும் சிக்கலானது. அதன் வீரியத்தை அளக்கும் கருவி நம் வீடுகளில் இல்லை. ஆகவே கலப்பவருக்கே தாம் எதைத் தருகிறோம் என்பது சரியாகத் தெரியாது. அறியாமை விலக்களிக்கும் என்பது உண்மையே. எளிதில் நீக்கிக்கொள்ளக்கூடிய அறியாமைக்கும் அவ்விலக்கு பொருந்துமா என்பதை நம் மனச்சான்று சொல்லட்டும்.

நம் மொழியும் இம்மறைப்புக்குத் துணைபோகிறது. 'திராட்சை இரசம்' என்னும் சொல் பிழிந்த சாற்றையும் குறிக்கும், புளித்த மதுவையும் குறிக்கும். "திராட்சை இரசம்தான், குடியுங்கள்" என்று சொல்லும்போது பொய் ஏதும் சொல்லிவிடவில்லை, உண்மையும் சொல்லிவிடவில்லை. போதாக்குறைக்கு நம் உபசரிப்பு வேறு. மறுப்பவரை வற்புறுத்துவதே அன்பு என்பது நம் பண்பாட்டில் ஊறிய எண்ணம். "வேண்டாம்" என்றவர் இலையில் இன்னொரு வடையை வைப்பதால் கேடில்லை. அதே கையால், அதே அன்போடு, "கர்த்தர் பிறந்த நாளில் ஒரு வாய் குடிக்கக்கூடாதா மச்சான்?" என்று குவளையை நீட்டும்போது, விருந்தோம்பல் என்னும் நற்பண்பே கண்ணியாக மாறுகிறது.

யாருக்குக் கண்ணி? இருசக்கர வண்டியில் மனைவி மக்களோடு இரவில் வீடு திரும்ப வேண்டியவருக்கு. நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது நம் நாட்டில் குற்றம். கருவுற்ற பெண்ணுக்கு. மருந்து உண்பவருக்கு. எல்லாருக்கும் மேலாக, குடியை விட்டவருக்கு.

குடியை விட்டவரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நம் ஒவ்வொரு அன்பியத்திலும் இப்படி ஒருவராவது இருப்பார். எட்டு மாதமாகவோ எட்டு ஆண்டாகவோ தொடாதிருக்கிறார். அவர் மனைவி மாலை தோறும் வாசலை நோக்கும் கண்களை இப்போதுதான் சற்றே தாழ்த்தியிருக்கிறார். டப்ளின் நகரின் கூலித்தொழிலாளி மேத்யூ டால்பட்டை நாம் நினைத்துப் பார்க்கலாம். 1884-இல், தம் 28-ஆம் வயதில் குடியை விட்ட அவர், 1925-இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் வீழ்ந்து இறக்கும்வரை, நாற்பத்தோர் ஆண்டு மீண்டும் தொடவில்லை. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. மதுக்கடையின் ஈர்ப்புக்கு அஞ்சி, கையில் காசு வைத்துக்கொள்ளாமலே நடமாடுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார் என்பர். அந்த உபாயம் கடைக்குப் பொருந்தும். உறவினர் வீட்டுக் கிண்ணத்துக்குக் காசு தேவையில்லை. அங்கே அவருக்கு அரண் ஏதுமில்லை, ஊற்றுபவரின் நேர்மையைத் தவிர. பழச்சாறு என்று நம்பி அவர் விழுங்கிய ஒரு வாய், எத்தனை மாதத்துப் போராட்டத்தைக் கலைத்துவிடும் என்பதை அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

அப்படியானால் கிண்ணத்தையே அகற்றிவிடலாமே என்று சிலர் கூறுவர். சகோதரருக்குத் தடைக்கல்லாகுமாயின் இறைச்சியையும் இரசத்தையும் தவிர்ப்பதே நலம் என உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் திருத்தூதர் பவுல் கூறுவது அவர்கள் பக்கமே நிற்கிறது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குத் தீங்கற்றதன்று என 2023-இல் உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்ததும் அவர்களுக்கு வலுச் சேர்க்கிறது. தந்தையின் குடியால் பண்டிகை நாளெல்லாம் அழுத நாளாகவே கழிந்த வீடுகளிலிருந்து எழும் இக்குரலை நாம் மதிக்கிறோம். குடியை விட்டவர் தம் வீட்டுக்கு வருகிறார் என்று அறிந்தவர் அன்று கிண்ணத்தை எடுத்தே வைப்பது முறை என்றும் கருதுகிறோம். எல்லா இல்லங்களுக்கும் எந்நாளும் அதைச் சட்டமாக்க நாம் துணியவில்லை. அளவோடு அருந்தி மகிழ்பவரின் மகிழ்ச்சியைப் பாவமென்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அருந்தாதவருக்கு இடமில்லாத மேசையை விருந்து என்று அழைக்கவும் நமக்கு அதிகாரம் இல்லை.

இதில் திருச்சபை தன் பீடத்திலேயே வழிகாட்டியிருக்கிறது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்ட, கெட்டுப்போகாத இயற்கை இரசமாக இருக்க வேண்டும் என்பது மாறாத விதி. ஆயினும் குடிநோயாலோ வேறு காரணத்தாலோ அதை அருந்த இயலாத குருக்களும் பொதுநிலையினரும், மேலதிகாரியான ஆயரின் அனுமதியோடு, புளிப்பேறாமல் நிறுத்தப்பட்ட 'முஸ்தும்' என்னும் திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம் என்பதை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003 ஜூலை 24-ஆம் நாளிட்ட மடலில் தெளிவுபடுத்தியது. அம்மடலில் கையெழுத்திட்டவர், பின்னர் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்டாக விளங்கிய கர்தினால் இராட்சிங்கர். தூய்மையிலும் தூய்மையான பலியில் குடிநோயாளிக்கு இடம் விடப்பட்டிருக்க, நம் சாப்பாட்டு மேசையில் இடமில்லை என்பது பொருந்துமா?

இனி, இடம் விடுவது எப்படி? இரண்டு கிண்ணங்கள் வைக்கலாம். அது எளிது, பலர் செய்வதும்கூட. ஆனால் மதுவில்லாத கிண்ணம் பெரும்பாலும் சிறுவர்க்கென ஒதுக்கப்பட்டு, சமையலறை ஓரத்தில், பிளாஸ்டிக் குவளைகளோடு கிடக்கிறது. அதை நாடிச் செல்லும் முதியவர் எல்லார் முன்னும் தம்மை அறிவித்துக்கொள்ள வேண்டியதாகிறது. இங்கேதான் நுட்பமான ஒரு வேறுபாட்டை நாம் காண வேண்டும். உண்மை பேசவேண்டியது பானத்தைப் பற்றி. மௌனம் காக்கவேண்டியது மனிதரைப் பற்றி. நாமோ இதை நேர்மாறாகச் செய்கிறோம். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை, "ஏன் குடிக்கவில்லை? டாக்டர் சொன்னாரா? நேர்ச்சையா?" என்று ஆளைத் துருவுகிறோம். இரச விருந்தில் அடுத்தவரைக் கடிந்துகொள்ளாதே என்று சீராக்கும் சொல்கிறார். கேள்விகூடக் கடிந்துரையாகலாம்.

ஆகவே, வந்தவர்க்கெல்லாம் முதலில் நீட்டப்படுவது மதுவில்லாததாக இருக்கட்டும். ஒரே வகைக் கண்ணாடிக் குவளையில், அதே சிவப்பில், அதே பழங்களோடு. இஞ்சியைத் தட்டிச் சர்க்கரையோடும் கிராம்போடும் கொதிக்கவைத்து, ஆறியபின் எலுமிச்சை பிழிந்தால், இரண்டு மிளகாய் வற்றலும் உடன் கொதித்திருந்தால் இன்னும் நன்று, தொண்டையில் இறங்கும் அந்தக் காரத்துக்கு ஒயின் ஈடாகாது என்று சொல்வோர் உண்டு, நாமும் அக்கட்சியே. கறுப்புத் திராட்சைச் சாறு சிறிது சேர்த்தால் நிறமும் வந்துவிடும். மற்றக் கிண்ணத்தில் ஒயின் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை ஊற்றுமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறெவரும் அதில் எதையும் சேர்க்காதபடி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அகப்பைகள் மாறிவிடக்கூடாது. மறுநாள் காலையில் கிண்ணத்தின் அடியில் தங்கிய பழத்துண்டுகளைக் கண்டு, வீணாக்கலாமா என்று பிள்ளைகளுக்குக் கொடுப்போர் உண்டு. இரவெல்லாம் மதுவில் ஊறிய அந்த ஆப்பிளும் அன்னாசியும் அதை நன்றாகவே உறிஞ்சியிருக்கும். அவற்றைக் கொட்டிவிடுவதே சரி.