முன்னோர் மறைத்தவை

மகனுடைய மகனைத் தமிழில் பெயரன் என்கிறோம். பாட்டனுடைய பெயரைத் தாங்குபவன் என்பது அச்சொல்லின் பொருள். பேச்சு வழக்கில் அது பேரன் எனக் குறுகிற்று. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தது. இறந்துபோன ஒருவரை வீட்டுக்குள் நாள்தோறும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதற்கு நம்மவர் கண்ட வழி அது. குடும்பப் பெயர் எனத் தனியே ஒன்று இல்லாத மக்களிடையே தலைமுறைகளைக் கோத்து வைத்த நூலும் அதுவே எனலாம்.

அண்மை ஆண்டுகளில் பங்கு அலுவலகத்திற்கு வருவோரிடையே ஒரு புதுவகையினரைக் காண்கிறேன். திருமணத்திற்கோ கடவுச்சீட்டிற்கோ சான்றிதழ் கேட்டு வருபவர்கள் அல்லர் இவர்கள். கையில் கோடிட்ட நோட்டு ஒன்று இருக்கும். பெரியப்பாவும் அத்தையும் சொல்லக் கேட்டு எழுதிய பெயர்களும் கேள்விக்குறிகளும் அதில் நிறைந்திருக்கும். "சாமி, எங்கள் பூட்டனாரின் ஞானஸ்நானப் பதிவு இங்கே இருக்குமா?" என்று கேட்பார்கள். இந்த நாட்டம் நல்லதுதானா? முடிவில்லாத மூதாதையர் பட்டியல்களில் மனம் வைக்க வேண்டா எனத் திருத்தூதர் பவுலின் பெயரால் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட திருமுகம் எச்சரிக்கிறது. புதிய ஏற்பாட்டின் முதற்பக்கமோ ஒரு மூதாதையர் பட்டியலாகவே இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் விடை அவ்வளவு எளிதன்று என்பது புலப்படும்.

நம் பதிவேடுகள் குலப்பெருமை பேசுவதற்காகத் தோன்றியவை அல்ல. மறைவாக ஒருத்தியை மணந்து, பின்னர் அவளைக் கைவிட்டு, வேறொருத்தியை வெளிப்படையாக மணக்கும் கொடுமையைத் தடுக்கவே, 1563ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம், மணமக்களின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் பங்குக்குரு ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கும், பங்கிலுள்ள ஆன்மாக்களின் நிலைக்கும் தனித்தனி ஏடுகளை வகுத்தது. ஏமாற்றப்பட்ட பெண்ணுக்குச் சான்றாக நிற்பதற்குத் தோன்றிய புத்தகம் இது என்பதை நினைவிற் கொள்வது நன்று. பின்னர் நாம் காணப்போகும் ஒரு செய்திக்கு இது துணையாகும்.

எங்கள் முன்னோருக்குப் புனித சவேரியாரே ஞானஸ்நானம் கொடுத்தார் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் முத்துக்குளித்துறையில் உண்டு. இருக்கலாம். அவர் அக்கரைக்கு வந்தது 1542இல். திரிதெந்துச் சங்கத்தின் கட்டளைக்கு இருபது ஆண்டுகள் முன். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் அவர் குறிக்கிறார். அந்தத் துண்டுகளை இன்று எவரும் காட்ட முடியாது. நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல முடிந்தாலே பெரும் பேறு என்று தேடி வருவோருக்குச் சொல்வது என் வழக்கம்.

அதற்கும் சில திறவுகோல்கள் வேண்டும். 'நே தேமெரே' என்னும் 1907ஆம் ஆண்டு ஆணை, ஒருவருடைய திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்கச் சொல்லிற்று. ஆகவே 1908க்குப் பிற்பட்ட பதிவுகளில், ஓரக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பங்கின் ஏட்டுக்கு நடந்துவிடலாம். அதற்கு முன்னால் பெயரே வழிகாட்டி. அதுவோ வழுக்குப் பாறை. இலத்தீன் ஏட்டில் பெத்ருஸ் என்றிருப்பவர் வீட்டு நோட்டில் இராயப்பன். பவுலுஸ் சின்னப்பன் ஆவார். யோசேப்புஸ் சூசை ஆவார். யோவான்னெஸ் அருளப்பன் ஆவார். இவற்றை அறியாதவர் ஒரே மனிதரை இருவராக்கி, அவருக்கு இல்லாத தம்பி ஒருவரையும் உண்டாக்கிவிடுவர். பெயரே காலத்தைக் காட்டுவதும் உண்டு. லூர்து என்னும் பெயருடையவர் 1858க்கு முன் பிறந்திருக்க இயலாது. அவ்வாண்டுதான் அன்னை அங்கே காட்சி தந்தார்.

வீட்டுக் குறிப்புகள் வேறு வகை. செபப் புத்தகத்தின் கடைசித் தாளிலும், வட்டிக் கணக்கு எழுதிய ஏட்டின் நடுவிலும், பிறப்பு இறப்புகளைத் தமிழ் ஆண்டுப் பெயரால் குறித்திருப்பார்கள். 'தாது வருஷம் ஆடி மாதம் ஆத்தாள் காலமானாள்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் அது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். பங்கின் இறப்புப் பதிவேடுதான் இந்த வழக்கைத் தீர்க்க வல்லது.

அந்தத் தாது ஆண்டைப் பற்றி ஒரு சொல். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நம் பாட்டிமார் சொல்லி வந்தனர். அக்காலத்தில் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியோர் பலர். தம் குடும்பத்தின் முதல் ஞானஸ்நானம் அந்த ஆண்டுகளில் நிகழ்ந்தது எனக் கண்டறிந்த சிலரின் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். "அப்படியானால் கஞ்சிக்காகச் சேர்ந்தவர்களா சாமி?" என்று கேட்பார்கள். ஆம் என்றே வைத்துக்கொள்வோம். அப்பத்தை உண்டதால் தம்மைத் தேடி வந்த மக்களை இயேசு கடிந்துகொண்டார் என்று யோவான் நற்செய்தி கூறுவது உண்மை. ஆனால் கடிந்துகொண்டது உணவு கொடுத்ததற்கு மறுநாள். பசித்திருந்த வேளையில் எவருடைய உள்நோக்கத்தையும் அவர் விசாரிக்கவில்லை. வயிறு நிறைந்த நான்காம் தலைமுறை, குழந்தையைத் தோளிற் சுமந்து கஞ்சித் தொட்டியை நோக்கி நடந்த ஒரு தாயின் விசுவாசத்தை எடைபோடுவதற்கு எந்தத் தராசும் பெற்றிருக்கவில்லை.

இன்னொரு மறைப்பும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தவர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அது விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவர்க்கு விரிவாக்கப்படவில்லை. ஆகவே கோயில் ஏட்டில் ஒரு பெயரும் பள்ளி ஏட்டில் வேறொரு பெயருமாக வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. தேடி வரும் பேரனுக்கு இரண்டும் ஒருவரே என்பது புரியாது, புரிந்தால் வெட்கப்படுவான். பொய் பொய்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பாட்டன் மறைத்ததனால் கிடைத்த கல்வியைக் கொண்டுதான் பேரன் இன்று ஏட்டைப் படிக்கிறான். பழைய ஏடுகள் சிலவற்றில் பெயரை அடுத்துச் சாதியைக் குறித்த பேனா குருவுடையதே அன்றி அந்த ஏழையுடையது அன்று. தேடல் என்ற பெயரில் சிலர் நாடுவதும் அந்த ஒரு சொல்லைத்தான். 'நாங்கள் முன்பு இன்னார்' என்று கல்யாணப் பேச்சில் சொல்வதற்குச் சான்று தேடி வருவோருக்கு ஏட்டைத் திறக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். ஊரும் பெயரும் வேண்டா. ஒருவர் தம் சிற்றப்பா எழுதி வைத்த குறிப்புகளோடு வந்தார். அவற்றில் பூட்டியாரின் தந்தை தெற்கிலிருந்து மாடுகளோடு வந்து குடியேறிய பெருந்தனக்காரர் என்றிருந்தது. ஏட்டைப் புரட்டினோம். பூட்டியாரின் பதிவும் கிடைத்தது. தாயின் பெயர் இருந்தது. தந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தந்தை அறியப்படாதவர் என்பதற்கு இலத்தீனில் இரண்டு சொற்கள் இருந்தன. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சாமி, இதை எழுதத்தான் வேண்டுமா?" என்றார். அவருடைய அண்ணன் பின்னர்த் தொலைபேசியில், அந்தத் தாளே இல்லாமற் போனால் நல்லது என்னும் பொருள்படப் பேசினார்.

தம்பியின் கேள்வி மதிக்கத்தக்கது. உண்மையாயினும் மறைவான குறையை வெளிப்படுத்துவது புறங்கூறுதலே என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பிக்கிறார். தக்க காரணமின்றி அவ்வாறு செய்வதை 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும் குற்றமாகவே எண்ணுகிறது. இறந்தோருக்கும் நற்பெயர் உரிமை உண்டு என்பது ஒழுக்க இறையியலாரின் பொதுக் கருத்து. வள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். மறுபுறம், 1881இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை அறிஞருக்குத் திறந்துவிட்ட திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, 1883இல் வரலாற்றுக் கல்வி பற்றி எழுதிய மடலில் சிசரோவின் கருத்தை நினைவூட்டினார்: வரலாறு எழுதுபவன் பொய் சொல்லத் துணியலாகாது, மெய் சொல்ல அஞ்சவும் ஆகாது. இரண்டும் நம் திருச்சபையின் குரல்களே. இவற்றுள் எதற்குச் செவிசாய்ப்பது?

நான் அவரிடம் வேறொரு கேள்வி கேட்டேன். இங்கே குறை என்பது யாருடையது? குழந்தையுடையது அன்று. தாயுடையதா? அவள் உடன்பட்டாளா, வஞ்சிக்கப்பட்டாளா, பண்ணையில் எதிர்க்க வலுவின்றி நின்றாளா என்பதை ஏடு சொல்லவில்லை. அவள் செய்ததாக ஏடு சொல்வது ஒன்றே: குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கி வந்து, பலர் பார்க்கத் தன் பெயரைச் சொன்னாள். பெயர் சொல்லாமல் மறைந்துகொண்டவன் ஒருவனே. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏடும் ஊரும் அவனைக் காப்பாற்றி வருகின்றன. அவன் இருந்த இடத்தில் மாட்டுமந்தைக்காரர் ஒருவரைக் கற்பனையாக நிறுத்திய குடும்பக் குறிப்பும் அவனைத்தான் காப்பாற்றுகிறது, அவளை அன்று.

திருச்சபையின் சட்டமும் இதில் மெல்லத்தான் நகர்ந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, முறையான மணத்திற் பிறவாத ஆண் குருத்துவம் பெறுவதற்குத் தடையுடையவன். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. பிறப்பினால் ஒருவன் தகுதியிழக்கிறான் என்னும் எண்ணம் அத்தனை நூற்றாண்டுகள் நம்மிடையே உறைந்திருந்தது.

விவிலியத்திலும் பதிவேட்டினால் தகுதியிழந்தோர் உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பிய குருக்களுள் சிலர் தம் தலைமுறை அட்டவணையைத் தேடியும் காணாமையால் குருத்துவப் பணியினின்று விலக்கப்பட்டனர் என்று எஸ்ரா நூல் கூறும். அவர்களுள் ஒரு குடும்பத்தின் மூதாதை, பர்சில்லாயின் மகளை மணந்து மனைவியின் குடும்பப் பெயரையே தாங்கியவர். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவரின் வழியினர் ஏட்டில் தொலைந்துபோவது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று போலும். ஏரோது மன்னன் தன் குலத்தின் தாழ்வு வெளிப்படாதபடி யூதரின் தலைமுறை ஏடுகளையே எரித்துவிட்டான் என்னும் செய்தியை, ஆப்பிரிக்கானு என்பவர் வாயிலாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு பதிவு செய்திருக்கிறார். தொலைபேசியில் பேசிய அண்ணனுக்கு இக்கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார், கோபம் பாதி குறைந்தது.

மத்தேயுவோ வேறு வகையில் எழுதினார். அவருடைய பட்டியல் முழுமையானது அன்று; யோராமுக்குப் பின் அகசியா, யோவாசு, அமட்சியா ஆகிய மூன்று அரசர்களை அவர் விட்டுவிட்டார். பதினான்கு பதினான்காக வகுக்கும் ஒழுங்கின் பொருட்டு அவ்வாறு செய்தார் என்பர். அரசர்களை விட்டவர், எவரும் விட்டுவிட விரும்பும் பெண்களை விடவில்லை. மாமனாரால் கருவுற்ற தாமார், எரிகோவின் விலைமகள் இராகாபு, பத்தாம் தலைமுறை வரை சபைக்குள் சேர்க்கலாகாது என இணைச்சட்டம் தள்ளிவைத்த மோவாபு இனத்தைச் சேர்ந்த ரூத்து. நான்காமவளைப் பெயர் சொல்லாமல் 'உரியாவின் மனைவி' என்கிறார். அங்கே தாவீது செய்த பாவம் அப்பெயருக்குள்ளேயே நின்று பேசுகிறது. பழி அவளுடையதன்று, அரசனுடையது என்று வாசகன் உணர்கிறான்.

இதைக்கொண்டே தம்பியிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். விட்டுவிடுவது வேறு, பொய்யை இட்டு நிரப்புவது வேறு. கல்யாண விருந்தில் வாசிக்கும் குடும்ப வரலாற்றில் இச்செய்தியைச் சேர்க்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. கேட்க வயதும் பக்குவமும் இல்லாத பிள்ளைகளிடம் சொல்லவும் வேண்டா. ஆனால் குடும்ப நோட்டிலிருந்து மாட்டுமந்தைக்காரர் நீங்க வேண்டும். பூட்டியாரின் தாயின் பெயர் அவ்விடத்தில் முதலாவதாக நிற்க வேண்டும். தந்தையின் இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். ஏட்டைப் பொறுத்தவரை என் கைகள் கட்டப்பட்டவை. பழைய பங்கு ஏடுகளைக் கவனமாகக் காக்கும்படி திருச்சபைச் சட்டம் 535 கட்டளையிடுகிறது. ஒரு தாளையும் ஒரு சொல்லையும் நீக்க எனக்கு உரிமையில்லை.

அண்ணன் இன்னும் முழுமையாக இசையவில்லை. மகள் திருமணம் முடியட்டும் என்கிறார். தம்பி அந்தப் பெயரை எழுதிக்கொண்டு போனார். நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் திருநாளுக்குப் பெயர்கள் கொடுத்தபோது, அந்த அம்மையாரின் பெயரையும் பட்டியலில் சேர்த்திருந்தார். நான் வாசித்தேன். யார் அவர் என்று எவரும் கேட்கவில்லை.

தேடலில் இறங்க எண்ணும் வாசகர்களுக்கு ஒன்று: ஏடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திரார். முதலில் வீட்டிலுள்ள மூத்த பெண்மக்களிடம் கேளுங்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டின் கதையும் அவர்களுக்கே தெரியும். கேட்டதை எழுதும்போது, யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.