யாழை உடைக்கப் போனவர்

போன மாதம் எங்கள் லாபு தோட்டத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீதான் இஞ்ஜினியரிங் படிக்கிற பையனாச்சே, என் மகனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுய்யா. எஸ்பிஎம் முடிச்சிட்டான். கித்தார்தான் இனி வேலைங்கிறான். அதுவும் ராக்காம். பேய்ப் பாட்டு!"

எனக்கு வாய் வரவில்லை. ஏன்னா, ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு அடியிலும் ஒரு கித்தார் கிடக்கிறது. படிப்பு கெட்டுவிடும்னு பயந்து நானே உறை போட்டுத் தள்ளி வைத்தது.

முதலில் அந்தப் 'பேய்' கதையைப் பார்த்துவிடுவோம். பேய் உருவத்தைக் கேட்டு வாங்கியவர் நம் காரைக்கால் அம்மையார். சுடுகாட்டில் ஆடுகிறவர் நம் சாமி. திருவிழாவில் உறுமி அடித்தால் காது அடைக்கிறது, யாராவது வெட்கப்படுகிறோமா? சத்தத்துக்குப் பயந்து சாமி ஓடிப்போவதில்லை. பக்கத்துச் சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா என்ற மெட்டல் குழு வேதாந்தக் கருத்துகளைத்தான் பாடுகிறது. அதன் பாடகர் கதிராசன் வேதாந்தம் கற்பிக்கிறவரும்கூட.

இன்னொருவர் ராணிப்பேட்டைக்காரர், கித்தார் கலைஞர் பிரசன்னா. ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். (அம்மாமார்கள் கவனிக்க: அந்தப் படிப்புக்குப் பிறகுதான் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார்.) வயலின் கலைஞர் கன்னியாகுமரியிடம் கர்நாடக இசை கற்றார். ராக் கித்தாரின் பெரிய ஆளான ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-ல் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். பெயர் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'. பிள்ளையார் அங்கேயும் வந்துவிட்டார்!

அந்த ஹென்ட்ரிக்ஸ் 1967-ல் மாண்டரே விழா மேடையில் தன் கித்தாரைத் தீ வைத்துக் கொளுத்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. நம் பெரியபுராணத்திலும் ஒருவர் தன் கருவியை உடைக்கப் போகிறார். திருநீலகண்ட யாழ்ப்பாணர். ஈரத் தரை பட்டு யாழின் நரம்பு கெடக்கூடாதென்று மதுரையில் இறைவனே பொற்பலகை போடச் சொன்னாரே, அவர்தான். திருத்தருமபுரத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் பெருமை பேசினார்கள். சம்பந்தர் பாட்டுக்குப் புகழ் வருவதே நம்ம ஆள் வாசிக்கிறதாலதான் என்று. பாணர் பதறிப்போனார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரிடம் அவரே கேட்டார். சம்பந்தர் பாடினார், யாழ் நின்றுவிட்டது. இந்தக் கருவியால்தானே இந்தப் பேச்சு வந்தது என்று யாழை ஓங்கிவிட்டார். சம்பந்தர் தடுத்து, கருவிக்கு எட்டிய அளவு வாசித்தால் போதும் என்றார். அதற்குப் பிறகும் பாணர் வாசித்தார், நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலக்கும்வரை கூடவே இருந்தார்.

சொந்தக்காரர்களின் கைதட்டலில் மயங்காமல் இருந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. யூடியூப் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிற நமக்கு அது லேசில் வராது. தோற்ற மறுநாளும் யாழை எடுக்க வேண்டியிருந்திருக்கும் இல்லையா? நான் ஒரு செமஸ்டர் பரீட்சைக்கே கித்தாரைத் தூக்கி வைத்துவிட்டேன்.

அன்று அந்தத் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தினம் எவ்வளவு நேரம் வாசிக்கிற?"

"நாலு மணி நேரம், அண்ணே. ராத்திரியில ஸ்பீக்கர் போடமாட்டேன். லயத்துல எல்லாரும் விடியக்காலையில வேலைக்குப் போகணும்ல."

கையைக் காட்டச் சொன்னேன். இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. அவன் அம்மா பால்மரம் சீவியவர். அந்த விரல்களைத் தடவிப் பார்த்தார். அப்புறம் புத்தி சொல்லச் சொல்லி என்னை அவர் கேட்கவில்லை. மேற்படிப்பு மனுவை மட்டும் போட்டு வைக்கட்டும் என்றார். அவனும் சரி என்றான்.

அடுத்த தேவார வகுப்புக்கு அவனைக் கித்தாரோடு வரச் சொல்லியிருக்கிறேன். என்னுடையதையும் கொமுட்டரில் கொண்டு வர வேண்டும். கம்பிகள் துருப்பிடித்திருக்கும், அதற்குள் மாற்றணும்.